அதாவுல்லா திறக்கச் சொல்லாத குவியல்

குந்தாரப்பள்ளிப் பக்கம் சர்க்கார் ரோட்டுக்கு ஜல்லி கொடுத்துவந்த சின்ன கான்ட்ராக்டர்களில் அதாவுல்லாவும் ஒருவர். ஐம்பதுகளின் நடுவில் அந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. வண்டிக்காரர்கள் கல்குழியிலிருந்து ஜல்லியைக் கொண்டுவந்து சாலையோரம் குவித்து வைப்பார்கள். ஓவர்சியர் நாடா பிடித்து அளந்து, அளந்த அடையாளமாகச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். உள்ளே மண்மேடு வைத்து மேலே ஜல்லியைப் போர்த்தினால் நாடாவுக்குத் தெரியாது. அதற்காகவே ஒரு விதி இருந்தது. சந்தேகப்பட்டால் அதிகாரி குவியலைப் பிளந்து பார்க்கலாம். மண் இருந்தால், கொட்டியது யாரானாலும் கான்ட்ராக்டர் சர்க்கார் வேலை எடுப்பதற்கான அங்கீகாரம் போய்விடும்.

அதாவுல்லா விதிக்கு மேலும் ஒரு படி போனார். அளவு நாளில், யாரும் கேட்காமலே, தன் குவியல் ஒன்றைப் பிளக்கச் சொல்வார். மற்றவர்களுக்கு அது எரிச்சல். "சாயபு குவியலப் பொளந்து பொளந்து நம்ம பொழப்புல மண்ணப் போடுறாரு" என்று திம்மப்பன் என்ற கான்ட்ராக்டர் டீக்கடையில் அவர் காதுபடவே சொல்வான். அவர் சிரித்துக்கொள்வார். அதில் நேர்மை இருந்தது. ஊர் பார்க்கிறது என்ற நினைப்பும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் முயன்றதாகத் தெரியவில்லை.

பிளக்கச் சொல்வதெல்லாம் புது வண்டிக்காரர்களின் குவியலைத்தான். பழைய வண்டிக்காரன் சென்னப்பனுடையதை ஒருநாளும் தொட்டதில்லை. தொழில் தொடங்கிய காலத்திலிருந்து கூட இருந்தவன். அவர் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது தன் வண்டியில் போட்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன்.

ஒரு மழைக்காலத்தில் மேலதிகாரி ஒருவர் திடீரென்று வந்தார். அதாவுல்லா வழக்கம்போல ஒரு குவியலைக் காட்டினார். அதிகாரி அடுத்ததைப் பார்த்தார்.

"அது சென்னப்பன் கொட்டினதுங்க. அதத் தொறக்க வேண்டியதில்லைங்க" என்றார் அதாவுல்லா, பெருமையாக.

அந்த வார்த்தைதான் அதிகாரியை நிறுத்தியது. பிளக்கச் சொன்னார். நாலாவது மண்வெட்டியில் செம்மண் வந்தது.

சென்னப்பனின் மாடு ஒன்று கால் நொண்டிப்போயிருந்தது. கல்குழிக்குப் போய்வரும் நடை குறைந்தால் அதாவுல்லா வேறு வண்டி வைத்துவிடுவாரோ என்ற பயத்தில், உதவி கேட்க வாயில்லாமல், சாலையோரத்து மண்ணை வாரி உள்ளே வைத்திருந்தான். இது பின்னால் தெரிந்தது. அப்போது அவன் நுகத்தடியைப் பிடித்தபடி நின்றான்.

யார் வேலை இது என்று அதிகாரி கேட்டார். ஆளைச் சொல்லிப் புகார் கொடுத்தால் அபராதத்தோடு விடலாம், அங்கீகாரம் போகாது என்றும் சொன்னார். புகார் என்றால் சென்னப்பனுக்குப் போலீஸ்.

"சென்னப்பன் கொட்டினான்னுதானே சொன்னே?"

"வண்டி ஓட்டினது அவன். குவியல் என்னுதுங்க" என்றார் அதாவுல்லா.

அந்த மாதமே அங்கீகாரம் போயிற்று. திம்மப்பன் டீக்கடையில் சிரிக்கக்கூட இல்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் மனைவி ஹமீதுன்னிசா அழவில்லை. சோறு போட்டபடியே சொன்னாள்: "எல்லாருத பாத்தீங்க. அவனுத ஒருவாட்டி பாத்திருந்தா, அவனுக்கு அந்த எண்ணமே வந்திருக்காது."

அவள் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. நம்பிக்கை என்று அவர் பெயர் வைத்திருந்தது, ஒரு மனிதனை அவன் கஷ்டத்தோடு தனியே விட்டுவைப்பதாகவும் இருந்திருக்கிறது. அவன் குவியலருகே ஒருமுறை போயிருந்தாலே மாடு நொண்டுவது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

மறு வருஷம் அதே அதிகாரி கூப்பிட்டனுப்பினார். இப்போதாவது ஆளைச் சொல்லிப் புகார் கொடுத்தால் அங்கீகாரத்துக்கு எழுதலாம் என்றார். அதாவுல்லா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியில் சென்னப்பன் திம்மப்பனுக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் வண்டியின் மறுபக்கம் போய்க் குனிந்து அச்சாணியைப் பார்ப்பதுபோல இருந்தான்.

அதாவுல்லா அவனைக் கூப்பிடாமல் நடந்தார். அதிகாரியிடம் அவர் மறுபடி போகவில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்து மீதிக் காலத்தைக் கழித்தார்.