மூக்குக்காரம்மாவுக்கு வந்த சோதனை

மருந்துக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. ஒரே அறைதான், உள்ளே இரண்டு ராஜ்ஜியம். இடது பக்கம் வாணலி, கத்தி, சல்லடை, காபிக்கொட்டை அரைக்கும் மிஷின். அது பெரியவளுடையது. வலது பக்கம் தேன், வினிகர், ஆலிவ், கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமான சீஸ். அது சின்னவளுடையது. இருவரும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் சண்டை போட்டது போதாதென்று, கடையும் சேர்ந்தே போட்டார்கள்!

சின்னவளுக்கு ஊரில் மூக்குக்காரம்மா என்று பெயர். பார்ப்பதற்கு அந்த மூக்கில் ஒரு விசேஷமும் இல்லை, செய்கிற வேலைதான் விசேஷம். மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும், தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். அவள் மோந்து, நாக்கில் வைத்துப் பார்க்காத எதுவும் அலமாரி ஏறாது. அவளே போட்ட சட்டம் அது. வாங்க வருகிறவர்களையும் விடமாட்டாள். "முதல்ல வாயைத் திறங்க, அப்புறம் பையைத் திறக்கலாம்" என்று கரண்டியை நீட்டுவாள். அந்த ஊர்ப் பல் டாக்டர்கூட அத்தனை வாய்களைப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. ஜலதோஷம் போயிற்று, போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் பல் தேய்க்கும்போது பற்பசையும் சோப்பும் ஒன்றுபோலவே இருந்தன.

பேங்குக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனாள். "உள்ளே வீங்கியிருக்கும்மா. வடிஞ்சா வாசனை திரும்பலாம். நரம்பே கெட்டிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்றார் அவர், ஏதோ குழாய் ரிப்பேர் போல.

வீட்டில் மூச்சு விடவில்லை அவள். பெரியவளிடம் சொல்வதாவது! "பெரிய மூக்கு, பெரிய மூக்குன்னு குதிச்சியே" என்று வருஷம் முழுக்கக் குத்திக்காட்டுவாளே. புதிதாக வந்த வினிகர் பெட்டிகளைப் பிரிக்காமல் மேஜைக்கு அடியில் தள்ளினாள். யாராவது கேட்டால், "இன்னும் பிரிக்கலைங்க, கை ஒழியலை" என்றாள். பழைய சரக்கை ஞாபகத்தை வைத்து விற்றாள். கரண்டியை நீட்டுவாள், முகத்தைப் பார்ப்பாள், அவர்கள் சிரித்தால் தானும் தலையாட்டுவாள். பிழைப்பா இது?

பிறகு இன்னொரு தலைவலி. கடைக்கு வருகிறவர்கள் வாசலோடு திரும்ப ஆரம்பித்தார்கள். வாரம் தவறாமல் ஆலிவ் வாங்கும் டீச்சரம்மா உள்ளே ஒரு கால் வைத்தார், "அடடா, அடுப்பை அணைக்க மறந்துட்டேனே" என்று ஓட்டம் பிடித்தார். தபால்காரர் பார்சலை வாசற்படியிலேயே வைத்துவிட்டு நழுவினார். இந்த லட்சணத்தில் பெரியவள் வேறு, குளிர்காலத்தில் கதவை விரியத் திறந்துவைத்து, யாருமே கேட்காத காபிக்கொட்டையைக் காலையிலிருந்து மாலை வரை கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்தாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது, இனி தன்னை நம்பி யார் வருவார்கள் என்று சின்னவள் முடிவு கட்டிக்கொண்டாள். ஒரு மத்தியானம் ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, அந்த மிஷினை நிறுத்துங்க. ஒரு விஷயம் சொல்லணும். நாளையிலிருந்து நான் கடைக்கு வரலை."

பெரியவள் மிஷினை நிறுத்தினாள்.

"எனக்கு வாசனை போயிடுச்சு அக்கா. ஒண்ணுமே தெரியலை. தேனும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான். ஊரை ஏமாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அதான் எனக்குத் தெரியுமே."

"தெரியுமா? எப்படி?"

"காபித்தூள் தீர்ந்து போச்சுன்னு அன்னைக்கு வெறும் சிக்கரியைப் போட்டுக் கொடுத்தேன். நீ 'பிரமாதம் அக்கா'ன்னே. நான் போட்ட காபியை நீ என்னைக்குடி பாராட்டியிருக்கே?"

சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா இதோ, இப்படி ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்புவே. நீ வராத கடையில நான் யார்கூடச் சண்டை போடறது? இந்த வாணலிகளோடயா?"

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்துவிட்டது. சின்னவள் தேம்பித் தேம்பி அழுதாள். பெரியவள் தட்டு துடைக்கும் துணியை நீட்ட, அதிலேயே மூக்கைச் சிந்தினாள், இன்னொரு தடவை பலமாகச் சிந்தினாள். விற்பனைக்கு வைத்திருந்த துணி அது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திடீரென்று சின்னவள் நிமிர்ந்தாள். முகம் அஷ்டகோணலாகியது.

"ஐயய்யே! அக்கா, எங்கேயோ எலி செத்துக் கிடக்கு!"

பெரியவள் அவளையே உற்றுப் பார்த்தாள். "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"எலி அக்கா! குடலைப் புரட்டுது!"

"எலி இல்லடி, உன் சீஸு!" பெரியவள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் பெட்டியில பின்னாடி இருக்கிற அந்த வட்டக் கட்டி. போன வாரமே அழுகிடுச்சு. தூக்கிப் போட்டா, ஏன்னு கேப்பே. அழுகிடுச்சுன்னு சொன்னா, அதுகூடத் தெரியாமப் போச்சேன்னு உடைஞ்சு போவே. அதான் கதவைத் திறந்து வச்சேன், காபியை அரைச்சேன். டீச்சரம்மாகிட்ட சாக்கடை அடைச்சிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இந்த நாத்தத்திலயா ஒரு வாரமா உக்காந்திருந்தீங்க? சீஸ்னாலே உங்களுக்கு ஆகாதே!"

"ஆகாதுதான். என்ன பண்றது? நீயும்தானே உக்காந்திருந்தே."

சின்னவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். ஒழுகி, நெளிந்து, பச்சை பூத்துக் கிடந்த அந்த வட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள். கண்ணீர் கொட்டியது, வாயெல்லாம் பல்.

"ஆஹா! என்ன நாத்தம்! என்னமா நாறுது அக்கா!"

"அடிப் பாவி, குமட்டுதுடி! கொண்டுபோய்க் குப்பையில போடு!"

"போடறேன் அக்கா, போடறேன்," என்றாள் சின்னவள், முகத்தை அதிலிருந்து எடுக்காமலே. "இன்னும் ஒரே ஒரு தடவை மோந்துக்கறேன்."