தலைமாட்டு விளக்கு

பிள்ளைகளே, அம்மாவை ஒப்பரேசனுக்குக் கூட்டிப்போன அந்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். நான் ஏன் சாப்பிடாமல் திரிந்தேன் என்று பிறகு கேட்டீர்கள். பசியில்லை என்று பொய் சொன்னேன்.

லுணுகலையில் அடையாள அட்டைப் படம் பிடிக்கிற கடையில் எனக்கு அப்போது வேலை. கல்யாண வீடுகளுக்கும் போகலாமே என்றுதான் பதுளையில் சனிக்கிழமை புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஆளை உட்கார வைத்து, ஒரு விளக்கை முகத்துக்குப் பக்கத்திலும் இன்னொன்றைத் தலைக்குப் பின்னாலும் வைக்க வேண்டும் என்றார் ஆசிரியர். பின்னால் வெளிச்சம் இல்லாவிட்டால் கறுப்புத் துணியோடு கறுப்பு முடி கலந்துவிடுமாம். அடுத்த வகுப்புக்கு அப்படி ஒரு படம் கொண்டுவரச் சொல்லி, கேமராவையும் கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை பதுளை ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு பகல் கதவைச் சாத்தி, கறுப்புத் துணி கட்டி, கரண்ட் போனால் போடுகிற சார்ஜ் விளக்கு இரண்டையும் எடுத்தேன். அம்மாவைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வகுப்புக்காக மட்டும்தான் அன்று கேமராவை எடுத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வாங்குப் பலகையில் உட்கார வைத்து, முகத்தை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றேன்.

"பெரட்டுல கணக்கப்பிள்ளைக்கு முன்னால நிக்கிற மாதிரில இருக்கு" என்றாள், காலையில் தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்பதை நினைத்து.

சிரித்துக்கொண்டே கேமராவுக்குள் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம்தான். பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளமும் கன்ன எலும்பும் எடுப்பாகத் தெரிந்தன.

கொஞ்ச நேரத்தில் முதுகு வலிக்கிறது என்று அந்த வாங்கிலேயே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் வைத்த விளக்கு அப்படியே எரிந்தது. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. ஆசிரியர் சொன்னது இதுதான் என்று நினைத்து அழுத்திவிட்டேன்.

அந்த நேரம் கஞ்சியோடு பெரியம்மா உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, தலைமாட்டுல வெளக்கு எரியுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் கிடத்தின பிறகு செய்கிற காரியத்தை உயிரோடு இருக்கிறவளுக்குச் செய்துவிட்டேன்.

"அது கரண்டு போனா வைக்கிற வெளக்குத்தான் அக்கா. அதுக்கு என்னா தெரியும்" என்று அம்மா சிரித்தாள். ஆனால் எழுந்து, தலையை மறுபக்கம் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

படத்தை அழித்துவிடலாம் என்று பொத்தானை அமுக்கினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேமரா கேட்டது. அம்மா முகத்துக்கு மேலே அந்தக் கேள்வி. ஆம் என்று சொல்ல விரல் வரவில்லை. வைத்திருக்கவும் பயம், அழிக்கவும் பயம்.

மறுநாள் பஸ்ஸில், பசறை வளைவுகளில், அம்மா என் தோளில் தூங்கிப்போனாள். மூன்று தடவை எழுப்பினேன்.

"இப்ப என்னாங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

பார்க்கிற நேரம் முடிந்ததும் வார்ட்டிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலையில்தான் ஒப்பரேசன். அம்மா நல்லபடியாகத் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாதே.

வீட்டுக்கு வந்தபோது மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. கதவைச் சாத்தினேன். அதே வாங்கு, அதே விளக்கு. ஒரே இடத்தில் இரண்டு பேர் கிடந்த படம் இருந்தால், யாரைக் கூப்பிடுவது என்று சாவுக்கே குழம்பட்டும் என்று நினைத்தேன். கேமராவைப் பெட்டி மேல் வைத்து, பத்து விநாடியில் தானாக எடுக்கும்படி திருப்பிவிட்டுப் போய், விளக்குப் பக்கம் தலையை வைத்துப் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அது சத்தம் போடும்வரை மூச்சை அடக்கிக் கிடந்தேன்.