கடைசிக் கூண்டின் க்ரம்பி

நாய்க் காப்பகத்தில் குளிப்பாட்டும் வேலை பார்த்த அக்காவுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவை ஷாம்பு பாட்டில்கள்தான். சில்க் என்றால் பட்டு, சில்கி என்றால் பட்டுப்போல. ஷைன் பளபளப்பு, ஷைனி பளபளப்பானது. ஒரு சொல்லின் வாலில் ‘இ’ சத்தத்தைச் சேர்த்தால் அது குணத்தைச் சொல்லும், கூப்பிடவும் செல்லமாக இருக்கும் என்று அவராகவே கண்டுகொண்டார். அதோடு, வருகிற நாய்க்கெல்லாம் பெயர் வைக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அவசரப்பட மாட்டார். மூன்று தடவை குளிப்பாட்டி, சுபாவம் பிடிபட்ட பிறகே கூண்டுப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். தூங்குமூஞ்சி ஸ்லீப்பி. தொட்டித் தண்ணீரை வாரியிறைப்பது ஸ்ப்ளாஷி.

கடைசிக் கூண்டிலிருந்த கிழநாய், யார் வந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு உர்ரென்று உட்காரும். காப்பகத்து டாக்டரம்மாவிடம் இங்கிலீஷ் சொல் கேட்டு அதற்கு க்ரம்பி என்று எழுதினார், சிடுமூஞ்சி. பலகையைப் படித்தவர்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்கள். இந்த வாரமும் யாரும் எடுக்காவிட்டால் அதை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கிழநாயைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

“பேரை மாத்துங்கக்கா. ஹேப்பின்னு போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?” என்றார் டாக்டரம்மா.

“நம்பிக் கூட்டிட்டுப் போயிட்டு, உர்ருன்னு இருக்குன்னு திருப்பி விட்ருவாங்க டாக்டர். அதுக்கு மனசு விட்டுப்போயிடும்.”

சொல்லிவிட்டாரே தவிர, பெரிய பட்டி நினைப்பு அவரை விடவில்லை. மறுநாள் ஈரத்துணியோடு பலகையை அழிக்கப் போனார்.

கூண்டுக்கு முன்னால் ஓர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். “இங்க பாருங்க, நம்ம பேத்தி உங்களைக் கூப்பிடுற அதே பேரு!”

“நாயே வேணாம்னுதானே சொன்னேன்,” என்று அவருடைய கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பெஞ்சில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூண்டைத் திறந்தார். நாய் நிதானமாக வந்து பெஞ்சில் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. இரண்டு முதுகும் ஒட்டின.

“இந்த முதுகைத்தான் நான் கல்யாணமான நாள்லேருந்து பாக்குறேன்!” என்றார் அம்மாள்.

சற்றுப் பொறுத்து, திரும்பாமலே டிரைவரின் கை பின்னால் போய் நாயின் காதைத் தேடியது.

“கடிக்குமா?”

“முறைக்கும், அவ்வளவுதான். வேணும்னா வேற பேரு வச்சுக்கலாம் ஐயா.”

“எதுக்கு? பேத்தி ஒரு தடவை கூப்பிட்டா ரெண்டு பேரும் வந்துட்டுப் போறோம்.”

அவர்கள் போன பிறகு அக்கா பலகையைத் துடைத்தார். மத்தியானமே அந்தக் கூண்டுக்குப் புதிதாக ஒன்று வந்தது. பெயர் கேட்டார் டாக்டரம்மா.

“இருங்க டாக்டர், முதல்ல குளிக்கட்டும்.”