இன்னொருவர் மார்க்கில் போன தோல்

பேரணாம்பட்டில் எனக்கு ஒரு சின்னத் தோல் ஷாப்பு இருந்தது. ஷாப்பு என்றால் கடையல்ல, தோல் பதனிடும் இடம். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஆட்டுத்தோலைப் பாதி பதனிட்டுக் கொடுத்துவிடுவோம். மீதியைச் சீமையில் செய்துகொள்வார்கள். எங்கள் பக்கத்துச் சின்ன ஷாப்புக்காரன் எவனும் தன் பெயரில் கப்பலேற்ற மாட்டான். லண்டன்காரன் நம்பியது பெரிய ஏற்றுமதிக்காரர்களின் மார்க்கை. கட்டின்மேல் அதைக் குத்தினால்தான் தோல் விற்கும். என் தோல் ஆம்பூர்க்காரர் ஒருவரின் மார்க்கில் போயிற்று. அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

"பேர்ல இன்னாப்பா இருக்கு? தோல் உன்னுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்பார். நானும் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன். புத்தி கெட்டவன்.

எழுபதுகளில் ஒரு தேர்தல் கூட்டம். பாதி பதனிட்ட தோலை அள்ளிக் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரன் செய்த ஷூவைப் பார்த்து நாம் வாயைப் பிளப்பதா, முழுக்கப் பதனிட்டுத்தான் இனி அனுப்ப வேண்டும் என்று பேசினார்கள். கைதட்டினேன். ஓட்டும் போட்டேன். டில்லியில் அப்படியே சட்டமும் வந்தது. அது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நாடு பிழைத்தது. நான்தான் செத்தேன்.

பழைய தோலை ஒரேயடியாக நிறுத்தவில்லை. அதுவரை அனுப்பியவர்களுக்குக் கோட்டா உண்டு. எவ்வளவு அனுப்பினாய் என்று காகிதம் காட்ட வேண்டும். என் காகிதமெல்லாம் அண்ணன் பெயரில் இருந்தது. இதில் இவ்வளவு இவனுடைய தோல் என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டு அண்ணனிடம் ஓடினேன்.

"இன்னா கடுதாசி? கவர்மெண்ட்டு காகிதத்துல உன் பேரு எங்கனா இருக்குதா, காட்டு" என்றார்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தேன். "டில்லில போட்ட சட்டம். நான் இன்னா பண்ண முடியும்?" என்று கையை விரித்தார். என் தொட்டிகள் காய்ந்தன. என் கோட்டாவையும் சேர்த்து விழுங்கியவர் தோலை முழுக்கப் பதனிடும் ஃபினிஷிங் மிஷின்களை இறக்கினார். பிறகு எனக்கே ஆள் அனுப்பினார், தோல் தரம் பிரிக்க வருகிறாயா என்று. வீட்டில் பசி. போனேன். அண்ணே என்ற வாயால் முதலாளி என்று கூப்பிட்டேன்.

தரம் பிரிப்பவன் வாயைத் திறப்பதில்லை. தோலைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பி, பின்பக்கம் சாக்பீஸால் எண் போடுவான். முதலாளி கண் காட்டினால் இரண்டாம் தரத்துக்கு ஒன்று என்று போடுவேன். எட்டு வருடம் போட்டேன்.

எண்பதுகளில் ஜெர்மனியிலிருந்து ஒரு ஷூ கம்பெனிக்காரர் நேரிலேயே வந்தார். அவர் ஆர்டரை நம்பி முதலாளி ஷூ ஃபேக்டரி கட்ட ஹைவே ஓரம் நிலம் வாங்கி வைத்திருந்தார். முதல் தரம் என்று மார்க் குத்திய தோல்கட்டு ஒன்றை மேசைமேல் பிரித்தார்கள். தரம் பார் என்பதுபோல் வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முதலாளி கண் காட்டினார். நான் பார்க்காதவன்போல் குனிந்துகொண்டேன். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி பட்ட இடம். இரண்டு. மூன்று. மூன்று. இரண்டு. இவ்வளவு அழகாக நான் எண் எழுதியதே இல்லை.

வெள்ளைக்காரர் என் எண்களையும் கட்டிலிருந்த மார்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் காரில் ஏறினார்.

முதலாளி என் சட்டையைப் பிடித்தார். "என் மார்க்கையே நாறடிச்சிட்டியேடா!"

"பேர்ல இன்னா இருக்குது, அண்ணே?" என்றேன்.

அன்றே வேலை போயிற்று. அந்த ஆர்டரை நம்பியிருந்த கூலிக்காரர்கள் சிலருக்கும் போயிற்று. அவர்களில் ஒருவன் என்னைக் கடைத்தெருவில் கண்டு காறித் துப்பினான். துப்பட்டும், அவனுக்கு அது நியாயம். அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. முதலாளியிடம் தோன்றவே இல்லை.

ஃபேக்டரி வரவில்லை. அந்த நிலத்தில் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. ஆம்பூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பதற்கென்றே முண்டியடித்து ஜன்னல் சீட்டு பிடிப்பேன்.