மழை வேண்டாம் என்ற ஜெபத்துக்கு நான் சொன்ன ஆமென்

அப்பாவின் பயிர் கருகிப்போகும்படியான ஒரு ஜெபத்துக்கு நான் வாய் நிறைய ஆமென் சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூ படித்தபோது நடந்தது. இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. பள்ளிக்கூடத்தில் நடத்தாமல் விட்ட கால்குலஸையும் படித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. சபையில் யாரோ சொல்லி, ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். நடத்திய அக்கா பார்க்கத்தான் சாது, வீட்டுப்பாடம் கொடுப்பதில் ராட்சசி. "எண்களையும் ஆண்டவர்தான் படைச்சார், அதனால கணக்குல குழப்பமே கிடையாது" என்பார். எனக்கோ குழப்பத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.

வகுப்பு ஜெபத்தோடுதான் தொடங்கும். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக்குறிப்பை எல்லோரும் சாட்டில் போடுவோம். முறை வைத்து ஒருவர் ஜெபிப்பார். முடிவில் அத்தனை பேரும் மைக்கைத் திறந்து ஆமென் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். அதற்குப் பயந்தே, ஜெபத்தைக் கேட்டேனோ இல்லையோ, கடைசியில் வரும் 'நல்ல பிதாவே' காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துவிடும்.

அது புரட்டாசிக் கடைசி. அப்பா விதைத்த மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் சுருண்டு நின்றது. இன்னும் ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான். 'அப்பா பயிருக்கு மழை வேண்டும்' என்று போட்டேன். அன்று ஜெபித்தவள் விஸ்வநத்தத்துப் பெண். அவள் வீட்டில் பட்டாசுக் கம்பெனி. செய்த வெடியெல்லாம் வெயிலில் காய வேண்டும். "தீபாவளி வரைக்கும் இந்த வட்டாரத்துல ஒரு சொட்டு மழையும் விழாம காத்துக்கொள்ளும், எங்கள் நல்ல பிதாவே!" பதினேழு ஆமென். அதில் என் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

பிறகுதான் மண்டையில் ஏறியது. தூக்கிவாரிப்போட்டது. அக்கா ஒன்றுமே நடக்காதது மாதிரி பாடத்தைத் தொடங்கிவிட்டார். ஒரு புள்ளிக்கு இடப்பக்கமிருந்து போனாலும் வலப்பக்கமிருந்து போனாலும் ஒரே விடை வந்தால்தான் அங்கே லிமிட், அதாவது எல்லை, உண்டாம். "உண்மையும் அப்படித்தான்" என்று பூரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வகுப்பில், ஒரே ஆண்டவரிடம், ஒருத்தன் மழை கேட்கிறான், ஒருத்தி வேண்டாம் என்கிறாள். இதற்கு எங்கே இருக்கிறது எல்லை?

அம்மா வேலை முடிந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கியதும் கொட்டித் தீர்த்தேன். நான் வகுப்பில் சேர்ந்த மாதம்தான் அவளும் ஒரு பட்டாசு ஆலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

"இப்படியும் ஜெபிப்பாகளாம்மா?"

"நானும் தினம் அப்படித்தாம்லே ஜெபிக்கேன்" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"அது ஏம்மா?" என்று அவள் பையை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"மழை பெஞ்சா வெடி காயாது. எங்களைத் திருப்பி அனுப்பிருவாக. அப்புறம் உன் கிளாஸுக்குக் கட்டுத துட்டுக்கு நான் எங்கன போக?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவுகதாம்லே அப்படி ஜெபிக்கச் சொன்னாக. இந்த வருசம் சோளம் போனாப் போவுது, பயலுக்குப் படிப்பு நின்னுறக் கூடாதுன்னாக."

வாசலில் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், பின்வாசல் வழியாக வெளியே ஓடிவிட்டேன்.