பேர் கேட்காமல் கொடுத்த தண்ணீர்

அண்ணன் நம்மைப் பிரிந்து ஒரு வருஷம் ஆகிறது. அவரோடு கல்லூரியில் வேலை செய்த பெரியவர்கள் அவருடைய படிப்பைப் பற்றி இந்த நினைவு மலரில் நிறைவாக எழுதியிருக்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்ற தங்கை. மீதிப் படிப்பை எங்கள் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்களின் வாயிலிருந்துதான் படித்தேன். எனக்குத் தெரிந்ததை என் வழியில் சொல்கிறேன். வளவளவென்று இருந்தால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் சேவூரில் பிறந்தார். அப்பா தறியில் உட்கார்ந்திருக்க, அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் பாடம் படித்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பட்டப்படிப்பில் கடைசி வருஷம். அந்தக் கஷ்டத்திலும் மேலே படித்தார், அதுவும் சுற்றுலாத் துறைப் படிப்பு. ஆரணி பஸ் ஸ்டாண்டில் கேலி செய்யாத ஆள் இல்லை.

"இன்னாப்பா, ஊர் சுத்தறதுக்குக் கூட டிகிரி குடுக்கறாங்களாமே? எங்க வூட்டுப் பையன் அதுல எப்பவோ டாக்டராயிட்டான்!"

"அவனையும் அனுப்புங்க மாமா, எனக்கே பாடம் எடுக்கட்டும்" என்பார் அண்ணன்.

தொண்ணூறுகளின் நடுவில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி தொடங்கினார். மற்றவர்கள் லாட்ஜ், ஓட்டல் என்று எழுத, அண்ணன் எடுத்துக்கொண்டது வேறு. லாட்ஜே இல்லாத ஊரில் வழிப்போக்கரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. வந்தவாசி பக்கமும் கலசப்பாக்கம் பக்கமும் கிராமம் கிராமமாக அலைந்தார். மத்தியான வெயிலில் தெரியாத வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். அவர்கள் செய்வதையெல்லாம் கவனித்துவிட்டு, பிறகுதான் தன்னை யாரென்று சொல்லி, சம்மதம் வாங்கிப் படிவத்தில் எழுதிக்கொள்வார்.

அப்படி அலைந்து அவர் கண்டது ஒன்று. நிறைய வீடுகளில், வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பேர் கேட்பதில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான். "பேரைக் கேட்டா ஊரைக் கேக்கத் தோணும், ஊரைக் கேட்டா தெருவைக் கேக்கத் தோணும், அதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்" என்பார்.

கலசப்பாக்கம் தாண்டி ஒரு வீடு. அண்ணன் வாசலில் நின்று வாயைத் திறப்பதற்குள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருவர் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"வாங்க, சொன்னபடியே வந்துட்டீங்க! இலை போட்டுட்டேன். இன்னாங்க இது, ரெண்டு நாள்ல தலைக்கு மை அடிச்சிகினு வந்துகீறீங்க?"

"நான் இந்த ஊருக்கே இப்பதாம்மா வர்றேன்."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தாநாள் மத்தியானம் ஒருவர் வந்தாராம். இதே முகம், இதே குரல், ஆனால் தலை நரைத்திருந்ததாம். வலது கைமேல் வெள்ளையாக ஏதோ துணி ஒட்டியிருந்ததாம். "வெறுங்கால்ல வந்தாருங்க. அந்த மண்ணு ரோட்டுல நடந்து வந்தவரு கால்ல தூசியே இல்ல. அப்படி ஒரு தாகம், மூணு சொம்பு குடிச்சாரு. சாப்பிடுங்கன்னேன். நாளான்னிக்கு வரேன், அப்ப சோறு போடும்மான்னு சொல்லிட்டுப் போனாரு."

சாப்பிடாமல் போனவர் என்பதால் பேர் கேட்கவில்லை. அதே ஜாடையில் எங்கள் அப்பாதான் வந்தார் என்று சொல்லவும் வழியில்லை. அவர் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அண்ணன் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எழுதி முடித்ததும் அந்த அம்மா கேட்டாராம்: "நான் சொன்னதை அப்படியே பொஸ்தகத்துல போடுவீங்களா? மொகம் தெரியாத ஆம்பளைக்குத் தண்ணி குடுத்துட்டுக் கதை கட்டறேன்னு எங்க மாமியார் ரெண்டு நாளா ஏசறாங்க. அச்சுல வந்தா நம்புவாங்க." போடுகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

சொன்னபடியே ஆராய்ச்சியில் அதற்கு ஒரு பக்கம் எழுதினார். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆராய்ச்சிக்குள்ள ஆவிக்கு நாற்காலி கிடையாது. அந்தப் பக்கத்தை எடுங்க, இல்லன்னா பட்டத்தை மறந்துடுங்க" என்றார். அண்ணன் நாலு மாதம் பிடிவாதமாக இருந்தார். குடும்பம் இருந்த நிலையில் கடைசியில் பக்கத்தை எடுத்தார். பட்டம் வந்தது, வேலை வந்தது. அவரிடம் படித்த பிள்ளைகள் இன்று எந்தெந்த நாட்டு ஓட்டலிலோ விருந்தினரை வரவேற்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில், "தாகம்னு வந்தவர்கிட்ட அடையாள அட்டை கேக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பாராம்.

ஆனால் கலசப்பாக்கம் பக்கம் அவர் திரும்பிப் போகவேயில்லை. "எந்த முகத்தோட போவேன் பாப்பா? சோறு தின்னுட்டுச் சொல்லைக் காப்பாத்தாம வுட்டவன்" என்பார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் நினைத்துக்கொண்டேதான் இருந்தார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர்கள் அளந்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீரைப் பற்றிப் பாடம் சொன்னவர் ஒரு வாய்க்கு ஏங்கினார். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மூச்சு முட்டியது. அவசரமாக வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டு போனோம். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நானும் அண்ணியும் பக்கத்தில் இருந்தோம். வலது கையில் ஊசி குத்தி வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அசந்து தூங்கியவர் கண் விழித்தார். "அந்த வூட்டுக்குப் போய்ட்டு வந்தேன் பாப்பா. வயிறு நெறையக் குடிச்சேன். சோறு நாளான்னிக்குன்னு சொல்லிகினு வந்துட்டேன்" என்றார். காலையிலிருந்து வெடித்துக் கிடந்த அவர் உதடு ஈரமாக இருந்தது. அண்ணி என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். இரண்டு பேருமே தண்ணீர் கொடுக்கவில்லை.

அந்த நாளான்னிக்கு, சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், அண்ணன் போய்விட்டார்.

அவருடைய பெட்டியில் அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. போன மாதம் அதையும் இந்த மலருக்கு எடுத்து வைத்த இரண்டு போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். அந்த அம்மாவுக்கு இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். பக்கத்தை எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார். "மை அடிச்சதைக் கூட வுடாம எழுதிகீறாரே!" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டம் வாங்கிய நாளில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். "இவருதான் சாப்பிட்டவரு" என்றார்.

போன வருஷம், நரைத்த தலையோடு எடுத்ததைக் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இவரு தண்ணி குடிச்சவரு."

நான் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். "வேணாங்க, சொல்லாதீங்க. இவரு இன்னும் சாப்பிடலியே" என்றார்.

ஓய்வில்லாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், வேலூர் நர்ஸம்மாக்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த சேவூர் தெருவுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. அந்தப் பக்கத்தை அண்ணன் கையெழுத்திலேயே இந்த மலரில் அச்சிட்டிருக்கிறோம். அந்த அம்மாவின் மாமியாருக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று படையலுக்கு அந்த அம்மா தன் கையால் ஆக்கிய சோறு கொண்டுவருகிறார். முதல் இலை அதுதான். அண்ணன் சாப்பிட்டு முடிக்கட்டும், அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்குப் பேரைச் சொல்கிறேன்.