எங்கள் சந்துக்கு வந்த பேய்க் கிணறு

பேய்ப் படம் பார்க்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். என் மகளே கேட்டதில்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு முதலில் பேய் என்றால் பயமே கிடையாது. அவள் பார்த்த படங்களில் எல்லாம் பேய் கிராமத்தில்தான் இருந்தது. ஆலமரம், பாழுங்கிணறு, இடிந்த ஓட்டு வீடு, ஒற்றையடிப் பாதை. எங்கள் திருவொற்றியூர்ச் சந்தில் இதில் ஒன்றும் இல்லை. கன்டெய்னர் லாரி போகிற சாலை, தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த குடங்கள், அவ்வளவுதான்.

"நம்ம சைடு பேய் வந்தா நிக்கறதுக்கு எடம் ஏது நைனா?" என்பாள்.

எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் குட்டியானை ஓட்டுகிறேன். சின்ன லாரிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கம்பியும் தகடும் ஏற்றி இறக்கும்போது நானும் கூடமாட நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் முதுகு தரையைத் தேடும். என் மனைவி மீன் விற்கிறாள். விடியும் முன்னே ஏலத்துக்குக் காசிமேடு போய்விடுவாள். எங்களுடையது வரிசை வீடு. எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கழிவறை சந்தின் கடைசியில் இருக்கிறது. மகள் தனியாகப் போய் வந்துவிடுவாள், நான் தூங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து என் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். 'இது உண்மையாகவே நடந்த சம்பவம்' என்று ஒருவர் கரகரத்த குரலில் ஆரம்பித்தார். ஏதோ ஒரு கிராமமாம். தனியாக ஒதுங்கப் போகிற பெண்பிள்ளையைக் கிணற்றுக்குள்ளிருந்து ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். திரும்பிப் பார்த்தால் போச்சு. மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டே பார்த்தார்கள். என் மகள் மட்டும் வீடியோவை நிறுத்தி, விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"நைனா, இங்க பாரு. கெணத்துக்குப் பின்னாடி இன்னா கீது?"

பார்த்தேன். முள்செடிகளுக்கு மேலே, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் நுனி.

"இது கிராமம் இல்ல. நம்ம எண்ணூரு!" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

அவள் சொன்னது சரிதான். எனக்கு அது முன்பே தெரியும், ஏனென்றால் அந்தக் கிணற்றை ஏற்றிக்கொண்டு போனதே என் வண்டி. கிராமத்துக்குப் போக வசதியில்லாத நான்கைந்து பையன்கள் எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் புதர் மண்டிய இடத்தில் எடுத்த வீடியோ அது. கேமரா பிடித்த பையன், "சிம்னி தெரியுது, சிம்னி தெரியுது" என்று அன்றைக்கு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தான். பேயாக நடித்த பெண், வெயில் தாங்காமல் என் வண்டி நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தாள். இதையெல்லாம் மகளிடம் சொன்னேன்.

"பீலா வுடாத நைனா. நான் பயப்படக் கூடாதுன்னு சொல்ற."

அன்றிலிருந்து கழிவறைக்குத் துணை வேண்டும் என்றாள். பயம் வந்தால் அடிக்கடி வேறு வரும், அதுவும் நான் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து. கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்பேன். நின்றபடியே தூங்கியிருக்கிறேன். ஒருநாள் மணலி போகிற வழியில் சிக்னலில் கண் அசந்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஆரன் அடித்து எழுப்பினார். அவர் திட்டியதைப் பிள்ளைகளுக்கு எழுத முடியாது. இப்படியே போனால் வண்டியை எங்காவது கொண்டுபோய் இடித்துவிடுவேன் என்று எனக்கே பயம் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை. "எங்கயாவது போட்டுடுங்கண்ணா" என்று அந்தப் பையன்கள் விட்டுப்போன கிணறு, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலையில் கிடந்தது. தெர்மாகோல் கிணறு. ஒரே ஆள் தூக்கிவிடலாம். மகள் கண்முன்னே அதைத் தூக்கிக் காட்டினால் பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

வண்டியில் ஏற்றும்போது எங்கள் லோடுமேன் பார்த்துவிட்டார். "இன்னா மாமு, கெணத்தையே வூட்டுக்கு இட்டுனு போற? லாரித் தண்ணி பத்தலியா?"

சந்தில் இறக்கி வைத்தேன். மகள் வாசலுக்கு வந்தாள்.

"யம்மா! நைனா பேய வூட்டுக்கே இட்டாந்துடுச்சி!"

தூக்கிக் காட்டினேன். தட்டிக் காட்டினேன். கடைசியில் நானே உள்ளே இறங்கி நின்று காட்டினேன். இடுப்பு வரைக்கும் கிணற்றுக்குள் நிற்கிற அப்பனைப் பார்த்து இன்னும் அலறினாள். அன்று சாயங்காலத்திலிருந்து சந்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் துணை வேண்டியதாயிற்று.

"நல்லாக் கீதுண்ணே. நீ நின்னது பத்தாதுன்னு எங்களையும் நிக்க வெச்சிட்ட" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தூங்காத மூளை இப்டிதான் வேலை செய்யும். நாளைக்கு அத்த ஒடச்சிப் போட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கழுவப் போனாள்.

மறுநாள் ஞாயிறு, இன்னும் மோசம். சந்துப் பூனைகள் எல்லாம் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஒன்று உள்ளேயே குதித்துக் கத்தியது. கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். மதிய வெயிலில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு உடைக்கப் போனேன். உடைக்கக்கூடத் தெம்பில்லை. வாசலில் நின்றிருந்த மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"நைனா, இரு. அம்மா கூடை வாசனை அடிக்குது."

மனைவி இன்னும் வியாபாரத்திலிருந்து திரும்பவில்லை. கூடை வீட்டில் இல்லை. மகள் அடிமேல் அடி வைத்துக் கிட்டே வந்தாள். முதலில் கிணற்றைப் பார்க்கவில்லை, பூனைகளைப் பார்த்தாள். அம்மா வந்து கூடையை இறக்கினால் சுற்றி உட்காருகிற அதே பூனைகள். பிறகு விரலை நீட்டி, கிணற்றுச் சுவரை நகத்தால் சுரண்டினாள். சிமென்டு நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. இன்னும் சுரண்டினாள். அடியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"மீன் பொட்டி!" என்றாள். "காசிமேட்டுல ஐஸ் போட்டு வெப்பாங்களே, அந்தப் பொட்டி. அத்த வெட்டிதான் கெணறு பண்ணிக்கீறாங்க."

ஏற்றி இறக்கிய எனக்கு அது தெரியவில்லை. வேலையில் இரும்பு வாசனை, வீட்டில் மீன் வாசனை. என் மூக்கு எப்போதோ ஓய்ந்துவிட்டது.

"அப்போ அந்தப் பேய் நாள் பூரா இந்தக் கவுச்சிலயா நின்னுகினு இருந்துச்சி?"

"அதான் சொன்னேனே, மோர் குடிச்சிகினு."

முதல் முறையாக நம்பினாள். "கலீஜ் பேய்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கிணற்றை உடைக்கவில்லை. பூனைகளுக்கே விட்டுவிட்டோம்.

அன்று சாயங்காலம் நான் பாயில் படுத்திருந்தபோது வந்து நின்றாள். "தனியா போறேன் நைனா. நீ எய்ந்துக்க வாணாம். ஆனா கூப்ட்டா பதில் சொல்லணும்."

போனாள். பூனைகளைத் தாண்டும்போது, நான் இருக்கிறேனா என்று ஒரு குரல் வந்தது. "நைனா, கீறியா?"

"கீறேம்மா."

கதவைச் சாத்தும்போது இன்னொரு தடவை. நான் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னேன்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுந்து போய் நிற்க வேண்டியதில்லை. நேற்று மார்க்கெட்டில் லோடு ஏறும்வரை வண்டியிலேயே சாய்ந்திருந்தேன். லோடுமேன் கதவைத் தட்டி, "மாமு, கீறியா?" என்று கேட்டாராம்.

"கீறேன். நீ பயப்படாம போய்ட்டு வா கண்ணு" என்று தூக்கத்திலேயே சொன்னேனாம்.